கேசிங் போட்ட மாமரம்

அணில்கள், கிளிகள், வௌவால்கள், மயில்கள், மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள், மற்றும் பெயர் விடுபட்டுப்போன அனைத்து உயிரினங்களின் மேலான கவனத்திற்கு: திருச்செங்கோடு, சங்ககிரி ரோட்டுப் பக்கம், மஞ்சள் கேட் போட்ட வீட்டின் முன்வாசல் மூலையில் நிற்கும் மாமரம், இந்தச் சித்திரை முதல் அதன் உரிமையாளர் திரு. தீர்த்தகிரி அவர்களின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டது. இதுநாள்வரை நடைபெற்றுவந்த கடித்தல், கொத்துதல், சப்புதல், பாதி தின்று மீதியைக் கீழே போடுதல் ஆகிய நடவடிக்கைகள் அனைத்தும் இத்துடன் முடிவுக்கு வருகின்றன.

இப்படி ஒரு அறிவிப்பு எழுத்தில் எதுவும் வெளிவரவில்லை. வந்திருந்தாலும் அணில்களுக்குப் படிக்க நேரம் இருந்திருக்காது. காய் முற்றுகிற காலம். ஆனால் அன்று காலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, தீர்த்தகிரி மரத்தை அண்ணாந்து பார்த்த பார்வையில் மேற்படி சாரம் முழுவதும் இருந்தது.

தீர்த்தகிரி ரிக் ஓனர். அதாவது, போன வருஷம் வரைக்கும். திருச்செங்கோட்டில் ரிக் என்றால் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்வதென்றால், லாரியின் முதுகில் ஏற்றிய போர்வெல் இயந்திரம். அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரைச் சுமந்துகொண்டு கூடவே இன்னொரு லாரி ஓடும். இந்திய மண்ணில் எங்கெல்லாம் தண்ணீர் இல்லை என்று ஜனங்கள் அழுகிறார்களோ அங்கெல்லாம் இந்த ஜோடி லாரிகள் போய் நிற்கும். ஜனங்கள் கோடையில்தான் உரக்க அழுவார்கள். ஆகவே மாசி பிறந்தால் வண்டி வடக்கே கிளம்பிவிடும். அங்கே மழை விழுந்து, சேற்றில் டயர் இறங்கின பிறகுதான் ஊர் திரும்பும்.

மாமரமும் ஏறக்குறைய இதே கால அட்டவணையைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. தீர்த்தகிரி கிளம்பும்போது மரத்தில் பூ இருக்கும். திரும்பி வரும்போது இலை இருக்கும். நடுவில் நடந்த எதையும் அவர் கண்ணால் கண்டதில்லை. கல்யாணமான வருஷம் அவர் கையால் நட்ட மரம் அது. சேலத்தில் கன்று விற்றவர் மல்கோவா என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்து கொடுத்தது. கொரோனா வந்து நாடே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த கோடையில்கூட அவர் மத்தியப் பிரதேசத்தில் ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால் வண்டியோடு மாட்டிக்கொண்டார். அத்தனை பேரும் அவரவர் வீட்டில் இருந்த ஒரே வருஷத்திலும் தீர்த்தகிரி வீட்டில் இல்லை. இதை அவர் ஒரு சாதனையாகவே சொல்லிக்கொள்வார்.

ஆனாலும் அந்தப் பழம் அவருக்குத் தெரியும். காதால் தெரியும்.

செல்போன் வராத காலம். ஜோத்பூர் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத். பொழுது சாய்ந்து வேலை முடிந்ததும், உடம்பெல்லாம் கல்மாவு அப்பிய நம்மூர் ஆட்கள் அங்கே வரிசை கட்டி நிற்பார்கள். கண்ணாடிக் கதவுக்குள் ஒரு ஆளுக்குத்தான் இடம். ஆனால் பேசுவது வரிசையின் கடைசி ஆள்வரைக்கும் கேட்கும். யார் மாமியார் யாரை என்ன சொன்னாள் என்பது ராஜஸ்தான் பாலைவனத்தில் தமிழில் பரவிக்கொண்டிருக்கும். தீர்த்தகிரியின் முறை வந்ததும் அந்தப் பக்கம் மனைவி பெருமாயி போனை எடுப்பாள்.

"என்ன புள்ள, வாயில என்னமோ வெச்சுட்டுப் பேசற?"

"மாம்பழமுங்க. மரத்தடிப் பழம் வந்துருச்சு."

"அதுக்குள்ள பழுத்துருச்சா?"

"தேனாட்டம் இருக்குதுங்க. செத்த இருங்க, கொட்டையச் சப்பிப்போட்டு பேசறேன்."

மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். மற்ற விஷயங்களில் ஒரு டீக்கு இரண்டு பேரைச் சேர்க்கிற தீர்த்தகிரி, இந்த ஒன்றில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, தன் வீட்டு மாங்கொட்டை சப்பப்படும் ஓசையை முழுசாகக் கேட்டு முடிப்பார். வரிசையில் நிற்பவன் கதவைத் தட்டுவான். "இருப்பா, ஊட்ல முக்கியமான வெசயம் பேசிட்டிருக்கறாங்க" என்பார்.

ஒரு வருஷம், ஆள் மாற்றுவதற்காக ஊரிலிருந்து வந்த வண்டியில் பெருமாயி ஒரு கூடை கொடுத்து அனுப்பினாள். வைக்கோல் வைத்து, மேலே சாக்குத் துணி போட்டுத் தைத்த கூடை. வழியில் டிரைவர் கொஞ்சம் சாப்பிட்டார், வெயில் கொஞ்சம் சாப்பிட்டது. வந்து சேர்ந்ததில் ஒன்றே ஒன்றில் பாதி தேறியது. அழுகின பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, கம்ப்ரசர் லாரியின் படியில் உட்கார்ந்து, டீசல் கையோடு அந்தப் பாதியைத் தின்றார். சாறு முழங்கை வரைக்கும் வழிந்தது. கல்மாவு படிந்த கையில் மஞ்சள் கோடு. அன்றைக்கு ராத்திரி அவர் கை கழுவவில்லை என்று கூட இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

அந்தப் பாதிப் பழம் அதற்குப் பிறகு அழுகவே இல்லை. வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது. பீகாரி டிரில்லரிடம், செக்போஸ்ட் போலீஸ்காரரிடம், தண்ணீர் வராத துக்கத்தில் இருந்த விவசாயியிடம், எல்லாரிடமும் தனக்குத் தெரிந்த இந்தியில் அதைப் பற்றிப் பேசினார். "ஹமாரா கர் கா மல்கோவா", அதாவது எங்கள் வீட்டு மல்கோவா, என்று அவர் தொடங்கினால் ஆட்கள் துளை போடும் ராடு கழுவப் போய்விடுவார்கள்.

இப்போது முதுகு ஒத்துழைக்கவில்லை. ரிக்கை விற்றாயிற்று. மிச்சமிருப்பது ஒரே ஆசை. சொந்த மரத்தில், மரத்திலேயே பழுத்த ஒரு பழம்; அந்தப் பாதிப் பழத்தின் மீதிப் பாதி. அதை மரத்தடியில் நின்றபடி தின்ன வேண்டும். ஒன்று போதும்.

முதல் நாளே கீழே கிடந்த காய்கள் எல்லாவற்றிலும் பல் பட்டிருந்தது. சிலவற்றில் வௌவால் நகம். ஒன்றை மயில் கொத்தியிருந்தது. கொத்திய மயில் காம்பவுண்டு சுவரில் நின்று, ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்த பங்காளியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தது.

"கேசிங் எறக்கீரலாம்" என்று தீர்த்தகிரி முடிவெடுத்தார்.

போர் போடும்போது மேல்மண் சரிந்து குழியில் விழாமல் இருக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் குழாயை உள்ளே இறக்குவார்கள், அதுதான் கேசிங். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு அது எல்லா நோய்க்கும் மருந்து. தீர்த்தகிரி ஒரு கேசிங் பைப்பை நீளவாக்கில் பிளந்து, மரத்தின் தண்டைச் சுற்றிப் போட்டு, கம்பியால் கட்டினார். வழவழப்பில் அணில் வழுக்கி விழும் என்பது தத்துவம்.

அடுத்த தெருவில் தறிப்பட்டறை வைத்துத் துண்டு நெய்யும் சுவாமிநாதன் சாயங்காலம் வந்து பார்த்தார். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய் ஒன்றாகத் திரும்பி ஓடி வந்தவர்கள். அந்த உரிமையில் சுவாமிநாதன் இவரை "ஓனரே" என்றுதான் கூப்பிடுவார். மரியாதை போலவும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும்.

"ஏனுங் ஓனரே, மாமரத்துக்குக் கேசிங் போட்டாச்சாட்டக்குது. எத்தன அடியில தண்ணி?"

"நக்கல் பண்ணாத சாமிநாதா. இனி ஒரு அணிலு ஏறாது பாரு."

பார்த்தார்கள். கேபிள் டிவி வயர் வழியாக ஒரு அணில் வந்து, கிளையில் இறங்கி, ஒரு காயைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக் கடிக்கத் தொடங்கியது.

"அது மேல் லைன்ல வருது ஓனரே. நீ கீழ் லைன அடைச்சு வெச்சிருக்கற."

"உன்ற பட்டறையில கழிவு நூலு கெடக்குமில்ல? மரத்துக்கே வல போட்டர்றேன்."

"எடுத்துக்க. மரத்துக்கு முண்டாசு கட்டி உட்டீன்னா நல்லாத்தான் இருக்கும்."

வலை வந்தது. பச்சை, சிவப்பு, ஊதா என்று பல துண்டுகளின் கரையெல்லாம் கலந்த வலை. மரம் கட்சி மாநாட்டுக்குப் புறப்பட்டது போல நின்றது. மறுநாள் காலை கிளிகள் வந்தன. வலையில் கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கியபடி, ஓட்டைக்குள் மூக்கை விட்டுச் சாவகாசமாகக் கொத்தின. முன்பெல்லாம் கிளையில் தொற்றிக்கொண்டு சிரமப்பட்டுத் தின்றவை. இப்போது பிடிமானம் கிடைத்துவிட்டது.

அதற்கு மேல்தான் ஏர் ஹாரன். ரிக் லாரியிலிருந்து கழற்றி வைத்திருந்தது. அதை ஒரு சின்ன கம்ப்ரசரோடு இணைத்து, சுவிட்சை நாற்காலி கைப்பிடியில் கட்டிக்கொண்டார். அழுத்தினால், வீட்டுக்குள்ளிருந்து பெங்களூருக்கு ஒரு லாரி புறப்படுவதுபோலச் சத்தம் வந்தது. கிளிகள் பறந்தன. எதிர்வீட்டுக் கைக்குழந்தை அழுதது. தீர்த்தகிரிக்கு வயது இருபது குறைந்தது.

அந்தச் சமயத்தில் பெருமாயி ராசிபுரத்தில் மகள் மோகனப்பிரியா வீட்டில் இருந்தாள். பேத்திக்குக் காது குத்து. அதனால் அடுத்து நடந்தது அவளுக்குத் தெரியாது.

முற்பகலில் ஒரு பெண் தலையில் கூடையோடு தெருவில் வந்தாள். அறுபதை ஒட்டிய வயது. பெயர் உண்ணாமலை என்பது தீர்த்தகிரிக்கு அப்போது தெரியாது. மரத்தின் பாதி நிழல் சுவரைத் தாண்டித் தெருவில்தான் விழும். அவள் அங்கே வந்து நின்று, கூடையை இறக்கி, சும்மாட்டை உதறி, சாக்கை விரித்து, தன் வீட்டுக் கூடத்தில் உட்காருகிற தோரணையில் உட்கார்ந்தாள். கூடை நிறைய மாம்பழம்.

"ஏனம்மா, யாரைக் கேட்டு இங்க உக்கார்ற?"

"யாரக் கேக்கோணுமுங்க சாமி? நெழலு தெருவுலதான உளுந்திருக்குது."

"இது என்ற மரம்."

"உங்களுதுதானுங்க. நானென்ன மரத்து மேலயா ஏறி உக்காந்திருக்கறேன்?"

"உன்ற கூடை வாசத்துக்குத்தான் அணிலும் கொரங்கும் இங்க வந்து சேருது. அக்கட்டால போயி உக்காரு."

"கொரங்குக்கு அட்ரசு நானா குடுத்தேன்? வருசா வருசம் இங்கதானுங்க சாமி உக்கார்றது. உங்கூட்டு அம்மிணியக் கேளுங்க."

"அவ ஊர்ல இல்ல. இப்ப என்ற நிர்வாகம்."

உண்ணாமலை கையை நெற்றிக்குக் குடைபிடித்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கேலி இல்லை, நிஜமான சந்தேகம்.

"நீங்க யாருங்க? இந்த ஊட்டுக்காரருங்களா? உங்கள நான் பாத்ததேயில்லீங்களே."

பாலைவனத்தில் பெயர் சொன்னால் தெரிந்த ஆள் தீர்த்தகிரி. தன் வீட்டு வாசலில், தன் மரத்தின் நிழலில், நீங்க யாருங்க என்ற கேள்வி அவரை எங்கேயோ குத்தியது.

"கோவிச்சுக்காதீங்க சாமி. இந்தாங்க, ஒன்னு தின்னு பாருங்க" என்று அவள் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து நீட்டினாள்.

"வேண்டாம். எங்க ஊட்லயே மல்கோவா காய்க்குது" என்று சொல்லிவிட்டு, தீர்த்தகிரி சுவிட்சை அழுத்தினார்.

உண்ணாமலை காதைப் பொத்திக்கொண்டாள். சத்தம் அடங்கினதும் சாக்கைச் சுருட்டினாள். சும்மாட்டைத் தலையில் வைத்தாள். "நல்லாத் தின்னுங்க சாமி உங்க மல்கோவாவ. திருச்செங்கோட்டுல எனக்கு நெழலா இல்ல?" என்று கூடையோடு தெருமுனை திரும்பினாள். தீர்த்தகிரிக்கு வெற்றி மாதிரி இருந்தது. இந்தப் போரில் அவர் துரத்தின பிறகு திரும்பி வராத ஒரே ஆள் அவள்தான்.

பெருமாயி ஊரிலிருந்து வந்தாள். மரத்தின் பைப்பையும் முண்டாசையும் ஹாரனையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். வீட்டுக்காரர் வருஷம் முழுக்க வீட்டிலிருந்தால் இப்படியெல்லாம் ஆகும் என்று பக்கத்துவீட்டுப் பாப்பாயி ஏற்கெனவே எச்சரித்திருந்தாள். அதனால் ஒன்றும் கேட்கவில்லை. வேறொன்றைத்தான் கேட்டாள்.

"ஏனுங்க, இந்த வருசம் மரத்தடிப் பழம் இன்னும் வரலீங்களா?"

"வரும், வரும். அவசரப்படாத."

"எப்பவும் சித்திரைக் கடைசிக்குள்ள வந்துருமே?"

"இந்த வருசம் நான் இருக்கறேனில்ல? ஒரு கட்டுப்பாடா வரும்."

மாம்பழத்துக்கு என்ன கட்டுப்பாடு என்று பெருமாயிக்கு விளங்கவில்லை. ஆனால் அத்தனை வருஷம் போனிலேயே குடும்பம் நடத்தியவர்களுக்குப் பாதிப் பேச்சு விளங்காமல் போவது பழகின விஷயம். அவள் ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

வைகாசி பிறந்து காய்களின் தோளில் மஞ்சள் ஏறத் தொடங்கியபோது மலையிலிருந்து குரங்குகள் இறங்கின. கூட்டம் ஓட்டு வீடுகளின் மேல் தாவி வந்து, மஞ்சள் கேட்டில் ஏறி, மரத்தைப் பார்த்தது. தீர்த்தகிரி சுவிட்சை அழுத்தினார். மலைப்பாதை பஸ்களின் ஹாரனில் பிறந்து ஹாரனில் வளர்ந்த கூட்டம் அது. தலைவன்போல இருந்த ஒரு கிழட்டுக் கடுவன் சத்தம் வந்த திசையில் நடந்து வந்து, ஹாரன் குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"எறங்குடா எச்சக்கல நாயே!" என்று கத்தினார் தீர்த்தகிரி.

"ஏனுங்க, சாமிய வையாதீங்க!" என்று உள்ளிருந்து கன்னத்தில் போட்டுக்கொண்டே ஓடி வந்தாள் பெருமாயி.

"சாமியா? என்ற பழத்தத் தின்னுட்டிருக்குது!"

"சாமி தின்னா பழம் எங்கயும் போயறாதுங்க."

"வகுத்துக்குள்ள போயிருது!"

மற்றவை வலையைப் பிடித்து இழுத்தன. சுவாமிநாதனின் நூல் அறுந்து, வலை மொத்தமும் கீழே சரிந்தது. உதிர்ந்த காய்கள் எல்லாம் வலைக்குள்ளேயே பத்திரமாகத் தங்கின. அதை ஒரு மூட்டையாக இழுத்துக்கொண்டு கூட்டம் சுவரேறிப் போனது. வெறும் குரங்காக வந்தவை சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்கள்போலப் போயின.

சாயங்காலம் சுவாமிநாதன் வந்தார். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு வெளியே தெரிந்தது.

"பையி என்றது, பழம் உன்றது. அதுகளுக்கு ஒரு செலவும் இல்ல ஓனரே."

தீர்த்தகிரி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தெருப் பக்கத்துத் தாழ்ந்த கிளையில், இலைக் கொத்துக்குப் பின்னால், ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. கை படாத, பல் படாத, மூக்குப் படாத காய்.

ரிக்கை விற்றபோது அதன் ஹெட்லைட்டுகளுக்கு முன்னால் கல் தெறிக்காமல் இருக்கப் போட்டிருந்த கம்பி மூடிகள் இரண்டையும் அவர் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. இப்போது இரண்டையும் எதிரெதிராக வைத்து, நடுவில் காய் இருக்க, சுற்றிலும் கம்பி முறுக்கிக் கட்டினார். இந்தியா முழுக்க இருட்டைக் கிழித்துக்கொண்டு போன கம்பிக்குள் இப்போது ஒரு மாங்காய் தொங்கியது.

அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரைக்கும். அணில் வந்து கம்பியை முகர்ந்துவிட்டுப் போனது. கிளி தட்டிப் பார்த்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கேபிள்காரர், பால்காரர், கரண்ட் பில் எடுக்க வந்தவர் என்று எல்லாருக்கும் காவல் என்றால் என்ன, நிர்வாகம் என்றால் என்ன, மல்கோவா என்றால் என்ன என்று விளக்கம் கிடைத்தது. கரண்ட் பில் எடுப்பவர் அடுத்த முறை பின்வாசல் வழியாக வந்தார்.

யாரும் வராத மதியங்களில் அவருக்கு வடக்கே போன கோடைகள் ஞாபகம் வந்தன. தண்ணீர் பீறிட்டு மேலே வந்ததும் விவசாயி வீட்டுப் பெண்கள் வந்து இரும்பு ராடுக்குக் குங்குமம் வைப்பார்கள். குழந்தைகள் சேற்று மழையில் ஆடும். யாராவது ஒரு கிழவர் ஒட்டகப் பால் டீ கொண்டுவந்து கையில் திணிப்பார். எத்தனையோ பேர் வீட்டு வாசல்களில் அப்படி உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்து, என் வீட்டு வாசலில் ஒரு மரம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இப்போது அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்தாயிற்று. சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவும், வெளியே நின்று தட்டுகிற பயலும், காதில் கொட்டை சப்புகிற சத்தமும் இருந்தால் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

காய் பழமாயிற்று. ஒரு நாள் காலை கேட்டைத் திறந்தபோது வாசனை அவரை எதிர்கொண்டது. தீர்த்தகிரி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ரிக் ஓனர்கள் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது மட்டும் கட்டுகிற வாட்சைக் கட்டினார். சுவாமிநாதனுக்குப் போன் போட்டு உடனே வரச் சொன்னார். ஏதோ ஆஸ்பத்திரி விஷயமாக்கும் என்று சுவாமிநாதன் தறியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

கம்பிகளைப் பிரித்து, பழத்தை இரண்டு கையிலும் வாங்கி, பெருமாயி கொண்டுவந்த தாம்பாளத்தில் வைத்தார். பக்கத்தில் அரிவாள்மனை. மூன்று பேரும் மரத்தடியில் நின்றார்கள்.

"சாமிநாதா, நான் பாக்காத சீமையில்ல, தின்னாத பழமில்ல" என்று தீர்த்தகிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்கினார். "ஆனா முப்பது வருசமா என்ற நாக்கு ஒரே ஒரு பழத்துக்குத்தான் ஏங்கிக் கெடந்துது. காவலு நல்லா இருந்தா ஒரு பழமாச்சும் மிஞ்சும். நிர்வாகம்ங்கறது..."

"ஓனரே, தறி நிக்குது."

"சரி. பெருமாயி, மொதத் துண்டு நீ வாயில போடு. போன்ல திம்பியே, அதே ருசிதானான்னு நீதான் சொல்லோணும்."

"நான் எப்பிடீங்க சொல்றது?" என்றாள் பெருமாயி. "இந்த மரத்துப் பழத்த நான் தின்னதேயில்லீங்களே."

தீர்த்தகிரி அவளைப் பார்த்தார்.

"அணிலும் கிளியும் சாமியும் என்னைக்கு உட்டுது? ஆடி காத்து அடிக்கறதுக்குள்ள மரமே காலியாயிரும். ஒரு வருசங்கூட பழம்னு ஒன்னு நம்ம கைக்கு வந்ததில்லீங்க."

"அப்பறம் போன்ல சப்பு சப்புன்னு தின்னியே?"

"அது மரத்தடிப் பழமுங்க."

"அதைத்தான் புள்ள நானும் கேக்கறேன். மரத்தடின்னா இந்த மரத்தடிதான?"

"இந்த மரத்தடியேதானுங்க. உண்ணாமலைன்னு ஒரு அம்மா, சேலத்துல கூடை எடுத்துட்டு வந்து, இந்த நெழல்ல உக்காந்துதான விக்கும்? தெருவே அத மரத்தடிப் பழம்னுதான் சொல்லும். உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று பெருமாயி நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "இந்த வருசம்தான் அந்தம்மாளக் காணோம். பாவம், ஒடம்பு கிடம்பு முடியலையோ என்னமோ."

சுவாமிநாதன் இருமினார்.

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது தங்கச்சி. என்ற பட்டறைக்கு எதுத்தாப்ல புங்கமரத்தடியில உக்காந்திருக்குது. பழம் அருமை. தெனமும் எங்கூட்ல அதுதான். யாரோ ஒரு ஓனரு ஆரன் அடிச்சுத் தொரத்திப்போட்டாராமா."

பெருமாயி வீட்டுக்காரரைப் பார்த்தாள். வீட்டுக்காரர் பழத்தைப் பார்த்தார்.

"ராசஸ்தானுக்குக் குடுத்து உட்டியே," என்றார் மெதுவாக. "கூடையில."

"அதுவும் அந்தம்மாகிட்ட வாங்குனதுதானுங்க. தூரந்தொலைவுக்குப் போறதுன்னு சொன்னேன். அதுவேதான் பொறுக்கி எடுத்து, வைக்கோலு வெச்சு, சாக்குப் போட்டுத் தெச்சுக் குடுத்துது. ஊட்டுக்காரர் நல்லாத் தின்னுட்டு தெம்பா வேல செய்யட்டும்னு சொல்லுச்சு."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று. லாரிப்படி, டீசல் கை, முழங்கை வரைக்கும் வழிந்த மஞ்சள் சாறு எல்லாம் தீர்த்தகிரிக்குள் அப்படியே இருந்தன, ஒன்றும் குறையவில்லை. அவற்றுக்கும் இந்த மரத்துக்கும் மட்டும் சம்பந்தம் இல்லாமல் போய்விட்டது. பாலைவனத்தில் ஒரு தலைமுறை முழுக்கக் காது புளிக்கக் கேட்ட மல்கோவா, அவர் வேண்டாம் என்று சொன்ன கூடையில் இருந்தது. மீட்டர் ஓட ஓட அவர் கேட்டுக்கொண்டு நின்ற அந்தச் சத்தம் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவர் வீட்டுடையதுதான்.

"கூப்புட்டா வருமா அந்தம்மா?" என்று கேட்டார்.

"கேட்டுப் பாரு. போகும்போது ஆரனக் கையில எடுத்துட்டுப் போகாத" என்றார் சுவாமிநாதன்.

"நானே போயிக் கேக்கறனுங்க. உங்களப் பாத்தா ஓடீரும்" என்றாள் பெருமாயி. "மொதல்ல இத அறுங்க. ஈ மொய்க்குது."

தீர்த்தகிரி உட்கார்ந்து அறுத்தார். கதுப்புகளை மூன்றாகப் பங்கு வைத்தார். கொட்டையைப் பெருமாயி பக்கம் தள்ளினார். சுவாமிநாதன் தீர்ப்பு எழுதப்போகும் நீதிபதியைப்போலக் கண்ணை மூடிக்கொண்டார். மேலே கிளையில் ஒரு அணில் வாலை ஆட்டாமல் உட்கார்ந்து கவனித்தது. மூன்று பேரும் ஒரே சமயத்தில் வாயில் வைத்தார்கள்.

மாம்பழம் மாதிரி இருந்தது.